நூல் கடித்த பல்

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் தையல்காரிக்குப் பல்லில் கம்பி கட்டினார்கள்.

தெரு சரிந்து வந்து முடிகிற இடத்தில் அவர்கள் வீடு இருந்தது. மழை பெய்தால் தெருவின் தண்ணீரெல்லாம் அவர்கள் வாசலில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சாக்கடைக்குப் போகும். வாசலை ஒட்டிய முன்னறைதான் தையல் கடை. ஜன்னலோரம் மிஷின். எதிர்ச்சுவரோரம் நீளமான வெட்டு மேசை. மிஷினில் தையல்காரி உட்கார்ந்திருப்பாள். மேசை முன்னால் அவளுடைய நாத்தனார் நின்றிருப்பாள். நாத்தனார் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

தெருவில் நாத்தனாருக்குக் கத்தரி அக்கா என்று பெயர். கையில் இருப்பதை வைத்து அந்தப் பெயரா, வாயில் இருப்பதை வைத்தா என்று யாராவது கேட்டால், "ரெண்டையும் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்பார்கள். தையல்காரியை ஊசி என்றார்கள். ஆள் ஒல்லி. இருக்கிற இடத்தில் சத்தம் வராது.

சத்தம் வராததற்குக் காரணம் உண்டு. வேலை நேரமெல்லாம் அவள் உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். வேலை இல்லாத நேரத்தில் வாய்க்கு முன்னால் கை இருக்கும். மேல்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கீழ்வரிசையை முழுக்க மூடிக்கொண்டு இறங்கியிருந்தன. சிரிப்பு வந்தால் வலது கை தானாக மேலே போய்விடும். கல்யாணப் படத்தில்கூட அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறாள். ஏதோ தும்மல் வந்த நேரத்தில் எடுத்துவிட்டார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அழகுக்காக மட்டும் என்றால் அவள் பல் டாக்டரிடம் போயிருக்க மாட்டாள். கீழ் ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. ரொட்டி கடித்தால் ரொட்டி சிவந்தது. டாக்டர் இளம்பெண். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "பாருங்கம்மா, உங்க மேல் பல்லு ஒவ்வொரு தடவை வாய் மூடும்போதும் கீழ் ஈறைக் குத்துது. இப்படியே விட்டா கீழ் முன்பல்லு நாலும் ஆடி விழுந்துடும். கம்பி கட்டினா காப்பாத்தலாம்" என்றார். அப்புறம் மேல் முன்பல் ஒன்றின் நுனியில் விரலை வைத்தார். அங்கே நூல் போகிற அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. "இது என்ன?"

"நூல் கடிச்சு வந்ததுங்க."

"இனிமே கடிக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் தையல்காரி. ஆண்டவன் சாட்சியாக மனசாரத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து நிமிஷம் தைத்திருப்பாள். ஒரு கால்சட்டையின் ஓரம் முடிந்தது. துணியை மிஷினிலிருந்து இழுத்தாள், நூலை வாய்க்குக் கொண்டுபோனாள், கடித்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். நாக்கில் அரிசிக் கல் மாதிரி ஏதோ உருண்டது. உள்ளங்கையில் துப்பினாள். நேற்று ஒட்டின உலோகத் துண்டு.

"என்னடி அது?" என்றாள் கத்தரி அக்கா.

"பொத்தான் அண்ணி. பல்லு மேல வெச்சாங்களே, அந்தப் பொத்தான்."

"அடி பாவி! ஒரு நாள்கூடத் தாங்கலையா? நம்ம கடையில பொத்தான் வெச்சா சட்டை கிழிஞ்சாலும் பொத்தான் விழாது. அந்த டாக்டரம்மாவை இங்க வந்து ரெண்டு நாள் கத்துக்கச் சொல்லு."

தையல்காரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. கை வாய்க்குப் போனது.

டாக்டர் அதிகம் திட்டாமல் மறுபடி ஒட்டிக் கொடுத்தார். மெழுகு கொடுத்தார். கம்பிக்கு நடுவில் புகுந்து தேய்க்கிற சின்ன பிரஷ் கொடுத்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். கெட்டியானது, ஒட்டுவது, கடித்து இழுப்பது எதுவும் ஆகாது என்றார்.

முதல் சில நாட்கள் தையல்காரிக்கு வாய் தன்னுடையதாகவே இல்லை. பல்லெல்லாம் ஆடுகிற மாதிரி இருந்தது. கன்னத்தின் உட்பக்கம் கம்பி உரசிப் புண் வந்தது. மெழுகைக் கிள்ளி உருட்டிக் கம்பிமேல் அப்பிக்கொள்வாள். பேசினால் சொல்லுக்குச் சொல் ஒரு காற்று கூடவே வரும். வெறும் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டாலும் ஒரு பருக்கை கம்பிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். சாப்பிட்டதும் எழுந்துபோய்க் கண்ணாடி முன் நின்று, பொத்தான் பொத்தானாகத் தேய்ப்பாள். ஒரு காலர் தைக்கிற நேரம் அதற்குப் போகும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள். "அம்மா, எங்க ஸ்கூல்ல கம்பி கட்டினவங்கெல்லாம் ஆறாவது படிக்கிறவங்கம்மா."

"அப்ப நானும் ஆறாவதுன்னு வெச்சுக்கோ."

"அப்ப நீ என்னை அக்கான்னு கூப்பிடணும்."

"போடி அக்கா."

வீட்டுக்காரர் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்ப்பவர். விடியும் முன்பே போவார், வெயில் ஏறும்போது வருவார். கையில் சூடாக ஒரு ரொட்டி இருக்கும். மேல்தோல் முறுமுறுவென்று இருப்பதுதான் அவருடைய பெருமை. தட்டினால் கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரவேண்டும் என்பார். அந்த ரொட்டியை மனைவி பார்த்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்ததை அவர் ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு காகிதப் பையை நீட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று நாலு பன்.

"பால் ஊத்திப் பிசைஞ்சது. அழுத்திப் பாரு."

அழுத்தினாள். பன் பஞ்சு மாதிரி அமுங்கிப் பிறகு நிமிர்ந்தது.

"என்னங்க, உங்களுக்கு இந்த மாதிரி செய்யறது பிடிக்காதே. ஆஸ்பத்திரி ரொட்டின்னு சொல்லுவீங்களே."

"இப்பவும் ஆஸ்பத்திரி ரொட்டிதான். வீட்ல நோயாளி இருக்குதே" என்றார் அவர். சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். சில பேருக்கு அன்பு வாயில் வராது, கையில்தான் வரும்.

மேசைப் பக்கத்திலிருந்து கத்தரி அக்கா குரல் கொடுத்தாள். "எனக்குப் பல்லு விழுந்தப்ப எவனும் பன் சுடலப்பா. தம்பி அப்பவும் அதே அடுப்புலதான் நின்னான்."

"உனக்குத்தான் பல்செட்டு இருக்கே அக்கா. கல்லையே கடிப்பியே" என்று உள்ளிருந்து தம்பி சொன்னார்.

"கடிப்பேன், கடிப்பேன். உன்னைத்தான் முதல்ல கடிக்கணும்."

அக்காவின் பல்செட்டு வீட்டுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அது இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அவள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவாள். "நின்னு வேலை பார்க்கிறவளுக்கு உடனே பசிக்காது" என்பாள். அந்த வழக்கம் எப்போது வந்தது என்று யாரும் யோசித்ததில்லை.

கம்பி வந்ததில் இன்னொன்றும் மாறியது. குண்டூசியை இனி உதட்டில் வைக்க முடியாது. கம்பியில் மாட்டும். அதனால் தையல்காரி மணிக்கட்டில் ஒரு பஞ்சுப் பட்டை கட்டி அதில் ஊசிகளைக் குத்திக்கொண்டாள். வாய் காலியானது. காலியான வாயில் பேச்சு வந்தது. துணி கொடுக்க வந்தவர்களிடம், "கழுத்து இவ்வளவு இறங்கினா தோள் வழியும்மா" என்றாள். "போன தடவை இடுப்புல பிடிச்சுதுன்னு சொன்னீங்களே, ஒரு விரல் விடட்டுமா?" என்றாள். இத்தனை வருஷமும் இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஊசிக்கு நாக்கு முளைச்சிடுச்சு" என்றாள் கத்தரி அக்கா. கடையில் பேச்சு முழுக்க இதுவரை அவளுடையதாக இருந்தது. பாதியைப் பங்கு கேட்டால் யாருக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

எல்லாம் பழகிக்கொண்டு வந்த நேரத்தில் இரண்டாவது பொத்தான் போனது. மறுபடியும் நூல்தான். வீட்டுக்காரர் ஒரு சின்ன நூல்வெட்டி வாங்கி மிஷின் கம்பியில் கயிறு போட்டுக் கட்டித் தந்திருந்தார். அது கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்கும்போதே கை நூலைப் பல்லுக்குக் கொண்டுபோய்விட்டது. புருஷன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வந்த பழக்கம். ஒரு நாளில் எத்தனை நூல், எத்தனை கடி! தூக்கத்தில் எழுப்பி நூலைக் கையில் கொடுத்தால் கடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பாள்.

இந்த முறை டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் பல்லோட மேல்பூச்சு கொஞ்சம் தேயும். உங்க முன்பல்லு ஏற்கெனவே நூல் அறுத்து மெலிஞ்சு கிடக்கு. இன்னொரு தடவை கடிச்சுக் கழண்டா, நான் கம்பியையே எடுத்துடறதுதான் உங்களுக்கு நல்லது. பல்லு வெடிச்சுட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

"எடுத்துட்டா?"

"கீழ்ப்பல்லு இருக்கிற வரைக்கும் இருக்கும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது தூறல். தையல்காரி குடையை விரிக்கவில்லை. உதட்டுக்கு மேலே நனைந்தது மழையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் வாசலை மிதிக்கும்போது முகம் கல் மாதிரி இருந்தது. "நான் கழட்ட மாட்டேன். கடவுளே, இந்தக் கையை மட்டும் நீ பார்த்துக்கோ, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு வேண்டுதல் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

கடவுள் அவளுடைய வேண்டுதலுக்கு நாத்தனாரைத்தான் அனுப்பினார்.

மறுநாள் காலை நூல் பாதி வழி போயிருக்கும். எதிர்ச்சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "வாய்!"

தையல்காரியின் கை அப்படியே நின்றது.

"வாய்னேன். கீழ வை."

அன்றிலிருந்து அதுதான் கடையின் தாளம். மிஷின் கடகடவென்று ஓடும், நிற்கும், "வாய்!" என்று கேட்கும், நூல்வெட்டி 'கிளிக்' என்னும், மறுபடி மிஷின் ஓடும். ஒரு நாள் புதிதாக ஒரு அம்மா ரவிக்கை அளவு கொடுக்க வந்து, "எங்க வீட்டுக்காரர் இருக்காரே..." என்று ஆரம்பித்தார்.

"வாய்!" என்றது மேசை.

அந்த அம்மா அப்படியே வாயை மூடிக்கொண்டார். அளவு கொடுத்து முடிக்கும்வரை திறக்கவில்லை. அவர் போன பிறகு நாத்தனாரும் தம்பி மனைவியும் துணிக்குவியலில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள்.

"போச்சுடி, இனி அந்தம்மா வராது."

"வருவாங்க அண்ணி. வீட்டுக்காரர் கதையை இன்னும் முடிக்கலையே."

இதற்கு நடுவில் பன் காணாமல் போக ஆரம்பித்தது.

காலையில் நாலு வரும். தையல்காரி இரண்டு தின்பாள். மதியத்துக்கு இரண்டு வைப்பாள். மதியம் பார்த்தால் ஒன்றுதான் இருக்கும். மகளைக் கேட்டாள். "ஐயே, அந்தப் பஞ்சை யார் தின்பா?" என்றாள் மகள். எலியென்றால் பையைக் கடித்திருக்க வேண்டும். பை மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது.

ஒரு மதியம் வாயைத் தேய்க்க எழுந்தவள், பின்கட்டுக் குழாயில் தண்ணீர் வராததால் அடுப்படிக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

கத்தரி அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். முதல்முறையாக அவள் உட்கார்ந்து தையல்காரி பார்க்கிறாள். ஒரு டம்ளர் தேநீர். அதில் பாதி நனைந்த பன். பக்கத்தில் இன்னொரு டம்ளர் தண்ணீர். அதற்குள் இரண்டு வரிசைப் பற்கள் சிரித்துக்கொண்டு கிடந்தன. அக்காவின் கன்னம் உள்ளே ஒட்டி, உதடு சுருங்கி, வேறு யாரோ ஒரு கிழவி மாதிரி இருந்தாள்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்ட அந்தக் கையைத் தையல்காரிக்கு நன்றாகத் தெரியும். அது தன்னுடைய கை. இத்தனை வருஷமும் தன் வாய்க்கு முன்னால் போன அதே கை.

"கதவைத் தட்டிட்டு வரமாட்டியா?" முந்தானைக்குள்ளிருந்து சொற்கள் காற்றாக வந்தன.

"அண்ணி... பல்லு போட்டுக்கிட்டுச் சாப்பிட முடியலையா?"

"முடிஞ்சா இப்படியா இருப்பேன்? அது பேசறதுக்கு. சாப்பிடறப்ப குத்தும். ஈறு சுருங்கிடுச்சாம், செட்டு லொடலொடங்குது. பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்குச் சொல்லு மட்டும் போகல, அதான் வண்டி ஓடுது."

"எத்தனை நாளா அண்ணி?"

"நாளா? நீ போ. வெளிய சொன்னே, அப்புறம் இருக்கு."

தையல்காரி போகவில்லை. நின்றுகொண்டே யோசித்தாள். பத்து நாள் வாய் வலித்ததற்கே வீடு முழுக்க அவளுக்காக வளைந்து கொடுத்தது. சோறு குழைந்தது, ரொட்டி பஞ்சானது. இவளோ முறுமுறு ரொட்டியைத் தேநீரில் ஊறப்போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, எத்தனை மழைக்காலம் தின்றிருப்பாள்? நமக்கு ஒரு முள் குத்துகிறபோதுதான் அடுத்தவர் நொண்டுவது கண்ணில் படுகிறது. அதற்காகவே சில முட்களைக் கடவுள் வைத்திருக்கிறாரோ என்னவோ.

அவள் பையிலிருந்த மிச்சப் பன்னை எடுத்தாள். ஒரு டம்ளர் தேநீர் ஊற்றிக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு இங்க?"

"எனக்கும் மெல்ல அரை மணி நேரம் ஆகுது அண்ணி. அங்க உக்காந்தா எல்லாரும் எழுந்துடறாங்க. துணைக்கு ஆள் வேணாமா?"

கத்தரி அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையை இறக்கினாள்.

"நொறுங்கத் தின்னா நூறு வயசாம்" என்றாள். "நாம ரெண்டு பேரும் ஊறத் தின்னு எத்தனை வயசுன்னு பார்ப்போம்."

மறுநாள் தையல்காரி புருஷனிடம், "பன் இன்னும் ரெண்டு சேர்த்துக் கொண்டாங்க, பசி ஜாஸ்தியாகுது" என்றாள். அவர் மனைவியின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். அடுத்த நாள் பை நிறையக் கொண்டுவந்தார்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கியது. சீருடைகள் மலை மாதிரி குவிந்திருந்தன. சட்டைக்கு எல்லாம் வெள்ளை நூல், பாவாடைக்கு எல்லாம் நீல நூல். ஈரக்காற்றில் துணி கனத்தது. மிஷினுக்கு எண்ணெய் விட்டு விட்டு ஓட்டினாள் தையல்காரி. ஒரு மத்தியானம், இதுவரை தைத்து முடித்த சட்டைகளைக் கொண்டுவந்து கொடுக்கும்படி பள்ளியிலிருந்து ஆள் வந்தது. மூட்டையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு கத்தரி அக்கா கிளம்பினாள். படியில் நின்று திரும்பினாள்.

"நான் வர்ற வரைக்கும் நீயே சொல்லிக்கோ. என்ன சொல்லணும்?"

"வாய்."

"சத்தமா."

"வாய்!"

அவள் போனதும் கடை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஓரம் முடியும்போதும் தையல்காரி "வாய்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நூல்வெட்டியை எடுத்தாள். வெளியே மழை வலுத்தது. வாசலில் தண்ணீர் படி ஏற ஆரம்பித்தது. அவள் ஒரு பாவாடையின் மடிப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விட்டால் மடிப்பு கலையும். தண்ணீர் உள்ளே வருகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே குனிந்தாள்.

டக்.

அவள் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கில் அது உருண்டது.

கத்தரி அக்கா நனைந்து திரும்பி வந்தபோது மிஷின் ஓடவில்லை. தையல்காரி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா திட்டவில்லை. குடையை மறுபடி விரித்தாள்.

"எழுந்திரு."

"எதுக்கு அண்ணி? போனா எடுத்துடுவாங்க. நாளைக்குப் போறேன். இன்னிக்கு ஒரு நாளாவது வாயில இருக்கட்டும்."

"எழுந்திருடின்னா."

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். விளக்கை அணைத்தார். கையுறையைக் கழற்றவும் இல்லை, அடுத்த வேலையைத் தொடங்கவும் இல்லை.

"நூல்தானே?"

தையல்காரி தலையை ஆட்டினாள்.

"எனக்குப் புரியவே இல்லம்மா. நீங்க செய்யறது தையல் வேலை. வீட்ல ஒரு கத்தரிகூடவா இல்ல? ஆரம்பத்துலேர்ந்தே ஏன் பல்லு?"

"கத்தரி இல்லாத தையல் கடையா? நல்லா இருக்கு" என்றாள் கத்தரி அக்கா. "முழ நீளத்துக்கு இருக்கு."

"இருக்குங்க" என்றாள் தையல்காரி. வாய் திறந்தே கிடந்த களைப்பில் யோசிக்காமல்தான் சொன்னாள். "அது அண்ணியோடது."

கத்தரி அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னோடதுன்னா?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"சொல்லு."

"நான் வந்த புதுசுல ஒரு தடவை நூல் வெட்ட எடுத்தேன். 'அது துணிக்கு, நூலுக்கு இல்ல. கீழ வை'ன்னீங்க. துணி கொடுக்க வந்தவங்க நாலு பேர் நின்னுட்டிருந்தாங்க. அப்புறம் கேக்க வெக்கமா இருந்துச்சு. பல்லு என்னோடது. யார்கிட்டயும் கேக்க வேண்டாம்."

"நான் சொன்னேனா?"

"முதல் வாரம் அண்ணி. நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல. நூல் வெட்டினா முனை மழுங்குமில்ல. நீங்க மறந்திருப்பீங்க."

"மறந்துதான் போச்சு" என்றாள் கத்தரி அக்கா. அவள் குரலை இவ்வளவு தாழ்வாக யாரும் கேட்டதில்லை.

சொன்னவருக்கு மறந்துபோன ஒரு சொல், கேட்டவள் பல்லில் பள்ளமாக இருந்தது.

கத்தரி அக்கா டாக்டர் பக்கம் திரும்பினாள். கதவருகே காத்திருந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டுத்தான் வாய்க்குள் கையை விட்டாள். மேல்வரிசையை எடுத்தாள். கீழ்வரிசையை எடுத்தாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கன்னம் ஒட்டியது. முந்தானை மேலே வரவில்லை.

"டாக்டரம்மா, இதைப் பாருங்க. என் தம்பிகூட என்னை இப்படிப் பார்த்ததில்ல. இவ பார்த்தா, இப்ப நீங்க பாக்கறீங்க. கதவைச் சாத்திட்டுச் சாப்பிடற வாய் இது. இவளுக்கு இந்த வாய் வேணாம். இன்னும் ஒரே ஒரு தடவை ஒட்டுங்க. இனி இவ பல்லுக்கு நூல் போகாது. போனா என்னை வந்து கேளுங்க. தெருவுல கத்தரின்னு கேட்டா வீட்டைக் காட்டுவாங்க."

சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. பாதி காற்று. ஆனால் ஒரு சொல்கூட அங்கே யாருக்கும் புரியாமல் போகவில்லை.

டாக்டர் மறுபடி விளக்கைப் போட்டார். மெலிந்த பல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். விரலால் தடவினார். "வெடிப்பு இல்ல" என்றார் கடைசியில். "கொஞ்சம் மேல தள்ளி ஒட்டிப் பார்க்கறேன். ஆனா இந்தப் பல்லுல இதுதான் கடைசி. அதுக்கப்புறம் நீங்க கேட்டாலும் நான் ஒட்ட மாட்டேன்."

"கேக்க மாட்டோம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

ஒட்டி முடித்து, தையல்காரி நாற்காலியை விட்டு இறங்கினதும் டாக்டர், "நீங்க உக்காருங்க" என்றார் கத்தரி அக்காவிடம்.

"எனக்கு எதுக்கும்மா? எனக்குக் கம்பி கட்டப் பல்லு வேணுமே."

"ஈறுல புண்ணு இருக்கு. பார்த்தேன். எவ்வளவு நாளா?"

"அது பாட்டுக்குக் கிடக்கு."

"கிடக்கக் கூடாது. செட்டைச் சரிபண்ணினா குத்தாது. உக்காருங்க."

"நான் உக்கார்றதில்லம்மா."

"அண்ணி" என்றாள் தையல்காரி. "உக்காருங்க."

கத்தரி அக்கா உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தபோது, அவரை வாசலிலேயே நிறுத்தி வெட்டு மேசையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள் அக்கா. அது அந்தச் சுவரைவிட்டு நகர்ந்ததே இல்லை. அடியில் தரை வேறு நிறத்தில் இருந்தது. இழுத்து மிஷினை ஒட்டிப் போட்டார்கள். கத்தரியை எடுத்து மேசைக்கும் மிஷினுக்கும் நடுவில், தையல்காரியின் வலது கை விழுகிற இடத்தில் வைத்தாள்.

"எடு."

"அண்ணி, அது துணிக்கு."

"துணி மட்டும் என்ன இரும்பா? அதுவும் நூல்தான்டி. மழுங்கினா சாணை பிடிச்சுக்கலாம். எடு."

தையல்காரி எடுத்தாள். கனமாக இருந்தது. கைப்பிடி வழவழவென்று, அண்ணியின் விரல் போன இடமெல்லாம் தேய்ந்திருந்தது. பாவாடை ஓரத்திலிருந்து தொங்கின நீல நூலை நறுக்கினாள். அந்தப் பெரிய கத்தரிக்கு அது ஒரு வேலையே இல்லை. சத்தம்கூட வரவில்லை.

"சின்ன மீனைப் பிடிக்கக் கப்பலை எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர், பன் பையை மேசையில் வைத்துக்கொண்டே.

"உன்னைக் கேக்கல. பன்னை வெச்சியா, போய்த் தூங்கு" என்றாள் அக்கா. அவளுடைய பல்செட்டு டாக்டரிடம் இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் வரும். ஒட்டின கன்னத்தோடு, தம்பியின் முகத்துக்கு நேராக, அவள் அதைச் சொன்னாள். தம்பி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பையைத் திறந்து, மிருதுவாக இருந்த பன்னாகப் பார்த்து அக்கா பக்கம் தள்ளி வைத்தார்.

"என்ன பார்க்கிற? பல்லு இருந்தப்பவே உன்னைக் கடிக்கல. இப்ப எதுக்குப் பயப்படறே?"

தையல்காரிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. வலது கையிலிருந்த கத்தரி மேசைமேல் விழுந்தது. கை வழக்கம்போல மேலே கிளம்பியது.

"கை!" என்றாள் கத்தரி அக்கா.

பாதி வழியில் கை நின்றது. கொஞ்சம் தயங்கியது. பிறகு மெல்ல இறங்கித் துணிமேல் உட்கார்ந்தது. ஜன்னல் வழியாக வந்த மழை வெளிச்சத்தில் பொத்தான்கள் அத்தனையும் தெரிய, அவள் சிரித்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் பெடலில் கால் வைத்தாள்.